தட்டையான கோடு

நல்ல சேதி சொல்கிற பலகையைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா?

தேவப்பிரியம் பயந்தாள். பயம் வந்தால் அவள் டீயை ஆறவிட்டுவிடுவாள் என்பது அவளிடம் வேலை பார்க்கும் ரெஜிக்குத் தெரியும். இப்போது அவள் கையிலிருந்த கிளாஸில் ஆடை படிந்து சுருங்கிக்கொண்டிருந்தது.

எண்ணூர் நெடுஞ்சாலையில், ஆழிமுத்து டெர்மினலின் வாசலுக்கு எதிரே தவசிமுத்துவின் டீக்கடை. விடிந்ததிலிருந்து மேற்கே இருந்து வீசிய கச்சான் காற்று, நிலக்கரித் தூளையும் டிரெய்லர் லாரிகளின் புகையையும் வாரிக்கொண்டு சாலையைத் தாண்டிக் கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. வெயில் ஏறியிருந்தும் வானம் அழுக்குத் துணி மாதிரிதான் கிடந்தது. டெர்மினலின் மதிலுக்குப் பின்னால் எட்டுப் பெரிய தொட்டிகள், வெள்ளை பெயின்ட் அடித்து, தலையைக் காட்டிக்கொண்டு நின்றன. மதிலின் மேலே ராட்சத மின்பலகை. உள்ளே தொட்டிகளில் இருக்கும் திரவம் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று ஊருக்குக் காட்டுவதற்காக வைத்த பலகை அது.

முந்தின நாள் சாயங்காலம் அந்த டெர்மினலின் மேனேஜர் சங்கரநாராயணன் ராயபுரத்துக்கு வந்து, வலைக்கடை மாடியில் இருக்கும் தேவப்பிரியத்தின் துப்பறியும் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி கலையாத மனிதர்.

"பலகையை வடிவமைச்சது மகிமான்னு ஒரு பொண்ணு மேடம். எங்க தகவல்களைத் திருடிக்கிட்டு ஓடிட்டா. சத்தமில்லாமத் தேடித் தரணும்."

போகும்போது ஒன்று கேட்டார். 'தலைமறைவான வடிவமைப்பாளரைத் தேட ஒப்புக்கொண்டோம்' என்று தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு ஒரு ரசீது. ஆளைத் தேடச் சொல்கிறவர்கள் அழுவார்கள், கோபப்படுவார்கள். ரசீது கேட்டு ரெஜி பார்த்ததில்லை.

"இன்னா மேடம், பலகை நல்லாத்தானே சொல்லுது?" என்றான் இப்போது. "எட்டு டயலும் பச்சை. கீழே ஒரு கோடு, நூல் புடிச்சாப்பல நேரா போய்க்கினு கீது. ஆஸ்பத்திரில கோடு நேரா போனாத்தான் பேஜாரு. இங்க இன்னா?"

"எனக்கும் அந்த ஆஸ்பத்திரி ஞாபகம்தான் வருது ரெஜி." தேவப்பிரியம் கிளாஸைக் கீழே வைத்தாள். தெற்கே நாசரேத்தை விட்டு வந்து வருஷங்கள் ஆகியும் அவள் பேச்சில் ஊர் போகவில்லை. "அண்ணாச்சி, இந்தப் பலகை எப்பவும் இப்படித்தானா?"

தவசிமுத்துவும் அந்தப் பக்கம்தான், உடன்குடிக்காரர். ஊர்ப் பேச்சு கேட்டதும் முகம் மலர்ந்தது. "இல்லம்மா. போன வாரம் வரைக்கும் வேற. பாக்க ஒரு பகட்டும் கெடையாது. கறுப்புல வெள்ளைக் கோடுவ. ஒவ்வொரு கோட்டு நுனியிலயும் தொட்டி நம்பரு. டீ ஆத்திக்கிட்டே ஒரு பார்வை பாத்தா போதும், எந்தத் தொட்டி எப்படி இருக்குன்னு தெரிஞ்சிரும். இப்ப கல்யாண மண்டபத்து சீரியல் லைட்டு மாதிரி என்னெல்லாமோ சுத்துது. நானும் பாக்கேன், ஒண்ணும் மண்டையில ஏற மாட்டேங்கு."

"யாவாரம் எப்படி?"

"அத ஏன் கேக்கீய. ஆபீஸ் ஆளுவ ஒருத்தரும் ரெண்டு நாளா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. காண்ட்ராக்ட் பயலுவதான் வாரானுவ."

தேவப்பிரியம் திரும்பி டெர்மினலின் கார் ஷெட்டைப் பார்த்தாள். ரெஜியும் பார்த்தான். வேலை நாள். ஷெட்டில் ஒரு கார்கூட இல்லை. காண்ட்ராக்ட் ஆட்களின் சைக்கிள்களும் பழைய பைக்குகளும் மட்டும் மதிலோரம் சாய்ந்திருந்தன.

"ரெஜி, உனக்குக் காய்ச்சல் வந்தா எவ்வளவு இருக்கும்?"

"நூத்தி மூணு, நாலு."

"நல்லா இருந்தா?"

"தொண்ணூத்தெட்டு சொச்சம்."

"ஆயிரம் வரைக்கும் அளக்குற ஒரு பெரிய கோல்ல இந்த ரெண்டையும் குறிச்சா எப்படித் தெரியும்?"

ரெஜி மனசுக்குள் குறித்துப் பார்த்தான். "பக்கத்துல பக்கத்துல. சாவக் கெடக்குறவனும் மாப்பிள்ளையும் ஒரே மாதிரி தெரிவானுங்கோ."

"பலகையோட இடது ஓரத்தைப் பாரு. கோடு எந்த அளவுல ஓடுது?"

எழுத்து பொடியாக இருந்தது. கண்ணைச் சுருக்கினான். "அடியில பூஜ்யம். உச்சில... ஐந்நூறு."

"உள்ள இருக்கது குளிர்ச்சியா இருக்க வேண்டிய சரக்கு. அது ஐந்நூறு டிகிரிக்குப் போனா, அதைப் படிக்க இந்தத் தெருவுல ஆள் இருக்குமா? பத்து டிகிரி ஏறினாலே ஆபத்துங்கிற இடத்துல, அந்தப் பத்து டிகிரி கண்ணுக்கே தெரியாத மாதிரி கோலை நீட்டி வச்சிருக்கான்."

"பூஜ்யத்துலேருந்து ஆரம்பிச்சா அது நாணயம்தானே மேடம்?"

"தூண் தூணா நிறுத்திக் காட்டுனா பூஜ்யத்துலேருந்துதான் நிறுத்தணும். தூணோட உயரத்தை வச்சுத்தான் கண்ணு அளக்கும். கோடு அப்படியில்ல. எந்த வித்தியாசம் ஆளைக் கொல்லுமோ அது தெரியுற மாதிரி வரையணும். இன்ஷூரன்ஸ் கம்பெனியில பொய்க் கணக்குப் பாத்துப் பாத்தே எனக்குத் தலை நரைச்சிட்டு. ஒண்ணு சொல்லுதேன் கேளு. பொய்யான நம்பரைப் பிடிச்சிரலாம். உண்மையான நம்பரை வச்சுச் சொல்லுற பொய்யைப் பிடிக்கத்தான் கஷ்டம்." அவள் விரல் கீழே இறங்கியது. "கோட்டுக்குப் பேரு என்ன போட்டிருக்கு?"

"சராசரி."

"எட்டுத் தொட்டிக்கும் சேத்து ஒரே கோடு. ஒரு தெருவுல ஏழு வீட்டுல சோறு பொங்குது, எட்டாவது வீடு தீப்பிடிச்சு எரியுது. சராசரி பாத்தா, கொஞ்சம் வெக்கையான தெரு. அவ்வளவுதான்."

ரெஜிக்குச் சிரிப்பு வரவில்லை. பலகையில் டயல்கள் பளபளவென்று சுழன்றன. ஒவ்வொன்றிலும் புள்ளிக்குப் பிறகு நாலு இலக்கம் துடித்துக்கொண்டிருந்தது. மூலையில் கம்பெனி முத்திரை பம்பரமாகச் சுற்றியது. அடியில் 'பச்சை: பாதுகாப்பு, சிவப்பு: ஆபத்து' என்று ஒரு வரி; சிவப்பு நானூறு டிகிரிக்கு மேல்தான் தொடங்கியது, எந்த டயல் எந்தத் தொட்டிக்கு என்றும் போடவில்லை.

"அப்ப அந்தப் பொண்ணு மகிமா இன்னாத்துக்கு இப்டி வரைஞ்சிச்சு?"

"அவ வரையல." தேவப்பிரியம் எழுந்தாள். "காலையில கொருக்குப்பேட்டையில அவ வீட்டுக்குப் போனோமே, தெரு முக்குல தண்ணி லாரி எந்தக் கிழமை எந்தச் சந்துக்கு வருதுன்னு ஒரு படம் ஒட்டியிருந்ததே, பாத்தியா?"

"பாத்தேன். மகிமா போட்டதுன்னு அவ அம்மா பெருமையா காட்டிச்சே. ஊதாவும் ஆரஞ்சும்."

"ஏன் சிவப்பும் பச்சையும் போடல? அவ அப்பாவுக்கு அந்த ரெண்டு நிறமும் பிரிச்சுத் தெரியாது. ரயில் இன்ஜின் ஓட்ட ஆசைப்பட்டவரு, கண் பரிசோதனையில தோத்து கூட்ஸ் யார்டுலயே நின்னுட்டாரு. அந்த வீட்டுல வளந்த பொண்ணு, 'பச்சைன்னா பிழைப்பு, சிவப்புன்னா சாவு'ன்னு ஒரு பலகை செய்வாளா? அப்பா வந்து நின்னா அவருக்கு எட்டு டயலும் ஒரே நிறம். சங்கரநாராயணன் நம்மகிட்ட சொன்ன முதல் வார்த்தையே பொய்."

"அப்ப அவ திருடல. தெரிஞ்சிக்கினு ஓடிட்டா."

"ஓடுறவ ரயிலேறுவா. இவ காட்டத் தெரிஞ்சவ. யாருக்குக் காட்டணுமோ அவங்ககிட்டத்தான் போயிருப்பா." தேவப்பிரியம் புடவைத் தலைப்பைக் காற்றில் விட்டாள். அது படபடத்துக் கடல் பக்கம் நீண்டது. "இந்தக் காத்து எங்க போகுது ரெஜி?"

ரெஜி தலைப்பு காட்டிய திசையைப் பார்த்தான். சவுக்கு மரங்கள், அதற்கப்புறம் தகரக் கூரைகள், சின்ன மாதா கோயிலின் சிலுவை.

"சங்குமணல் குப்பம்," என்றான். "மேடம், அங்கதான் எங்க எல்சி அக்கா வூடு கீது."

---

எல்சி வீட்டு வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தம்பியைப் பார்த்தால் உட்காரச் சொல்லாமல் சோறு போடுகிறவள். இன்றைக்கு உட்காரவும் சொல்லவில்லை, சோற்றைப் பற்றியும் பேசவில்லை.

"இன்னாத்துக்கு வந்தே?"

"இன்னாக்கா, தம்பிய இப்டிக் கேக்குறே?"

"நீதானே நேத்து போன்ல பீத்திக்கினே, டெர்மினல் கேஸு மாட்டிக்கிச்சி, மேனேஜரே ஆபீஸுக்கு வந்துட்டாருன்னு. கம்பேனி ஆளா வந்துகீறியா, என் தம்பியா வந்துகீறியா? அத்த மொதல்ல சொல்லு."

அக்கம்பக்கத்து வாசல்களில் பெண்கள் எழுந்து நின்றார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த ஆண்கள் கை நிறுத்தினார்கள். ரெஜி பிறந்ததிலிருந்து வந்துபோகும் குப்பம் அது. அங்கே முதல் தடவையாக அவன் அந்நியனாக நின்றான்.

தேவப்பிரியம் முன்னால் வந்தாள். "எல்சி, நான் எதையும் கேக்க வரல. ஒண்ணு சொல்லிட்டுப் போயிருதேன். வாசல் பலகை ஊரை ஏமாத்துது. அதை மகிமா வரையலன்னு எனக்குத் தெரியும்."

மீன் ஏலக் கொட்டகையின் இருட்டிலிருந்து, குவித்துவைத்த வலைகளுக்குப் பின்னாலிருந்து, ஒரு குரல் வந்தது.

"எப்படித் தெரியும்?"

"பச்சையும் சிவப்பும்."

வலைகள் அசைந்தன. ஒல்லியாக, தூக்கம் இல்லாத கண்களோடு ஒரு பெண் வெளியே வந்தாள். படகுக்கு அடிக்கிற ஆரஞ்சு பெயின்ட் அவள் விரல்களில் காய்ந்திருந்தது.

"எங்க அப்பாவைப் பாத்தீங்களா?" என்றாள் மகிமா. "நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்காரு. நேத்து மேனேஜர் ஆளுங்க வந்து மிரட்டினாங்களாம். 'என் பொண்ணு எங்க இருக்கான்னு எனக்குத் தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்'னு கதவைச் சாத்திட்டாராம்."

மகிமா உதட்டைக் கடித்துக்கொண்டாள். எல்சியைப் பார்த்தாள். எல்சி கொஞ்ச நேரம் தம்பியை முறைத்துவிட்டு, கொட்டகைச் சுவரில் தொங்கிய வலையை இழுத்து ஒதுக்கினாள்.

சுண்ணாம்புச் சுவர் முழுவதும் ஒரே ஒரு படம்.

ரெஜிக்கு யாரும் விளக்கவில்லை. ஏழு சாம்பல் நிறக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்திருந்தன. நடுவிலிருந்து ஒரு ஆரஞ்சுக் கோடு மட்டும் பிரிந்து, ஒவ்வொரு நாள் காலைக்கும் ஒரு புள்ளியாக, மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் 'தொட்டி 6'. அதற்கு மேலே தடியாக ஒரு கறுப்புக் கோடு குறுக்கே ஓடியது. கறுப்புக் கோட்டின்மேல் நாலு சொல்: 'இதைத் தாண்டினால் நிறுத்த முடியாது.' டயல் இல்லை, பம்பரம் இல்லை, அழித்துவிடலாம் என்று சொல்லக்கூடிய ஒரு பொட்டுகூட இல்லை. ஆரஞ்சுப் புள்ளிக்கும் கறுப்புக் கோட்டுக்கும் நடுவே உள்ளங்கை அகலம்தான் மிச்சம்.



"பிளாஸ்டிக் செய்யுற திரவம்," என்றாள் மகிமா. "எப்பவும் குளிர்ச்சியா வெச்சிருக்கணும். ஆறாம் தொட்டியோட குளிரூட்டுற மெஷின் கெட்டுப்போச்சு. சூடு ஒரு அளவைத் தாண்டிட்டா, அப்புறம் வெளியிலேருந்து சூடே வேணாம். தானே தன்னைக் கொதிக்க வெச்சுக்கும். மேனேஜர்கிட்ட சொன்னேன். மெஷினைச் சரி பண்றதுக்குப் பதிலா பலகையைச் சரி பண்ணச் சொன்னார். 'எல்லாத் தொட்டியையும் சேத்துக் காட்டும்மா, ஜனங்க பீதியடையக் கூடாது'ன்னார். முடியாதுன்னேன். மறுநாள் என் பாஸை ரத்து பண்ணிட்டு, வேற யாரையோ வெச்சு இந்தத் திருவிழாப் பலகையை மாட்டிட்டாங்க."

"அப்ப இந்தப் புள்ளியெல்லாம் எப்டி வைக்கிறே?" என்றான் ரெஜி.

"பலகைக்குப் போற கணக்கு என் போனுக்கும் வரும். அதை நிறுத்த அவங்களுக்குத் தெரியல."

"அதிகாரிங்களுக்குச் சொல்லலையா?" என்றாள் தேவப்பிரியம்.

"எல்லாருக்கும் அனுப்பினேன். பக்கம் பக்கமா, அட்டவணை அட்டவணையா. ஒருத்தர் வாசல் வரைக்கும் வந்து பாத்தாராம். 'பலகையில எல்லாம் பச்சையா இருக்கேம்மா'ன்னு பதில் வந்துச்சு." மகிமா தலை குனிந்தாள். "அது என் தப்பும்தான். பயத்துல எனக்குத் தெரிஞ்ச அத்தனையும் அனுப்பினேன். சொல்ல வேண்டியது நடுவுல எங்கேயோ புதைஞ்சுபோச்சு. இங்க வந்தும் முதல்ல சுவர் பூரா நம்பர்தான் எழுதினேன். எல்சி அக்கா பாத்துட்டு, 'இத்தப் படிச்சி முடிக்கிறதுக்குள்ள நாங்கோ செத்துப் பூடுவோம்'னாங்க. அழிச்சிட்டு இதை வரைஞ்சேன்."

"கறுப்புக் கோட்டத் தொட்டா கெளம்பறதுன்னு குப்பத்துல பேசி வெச்சிகீறோம்," என்றாள் எல்சி. "டெய்லி காலீல வந்து பாத்துட்டுத்தான் கடலுக்குப் போறாங்கோ. நாளான்னிக்கித் தொடும்னு இந்தப் பொண்ணு சொல்லிச்சு."

"இப்ப எவ்வளவு?" என்று கேட்டாள் தேவப்பிரியம்.

"காலையில வெச்ச புள்ளிதான் கடைசி. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வைப்பேன்."

"இப்பப் பாரும்மா."

மகிமா போனை எடுத்தாள். பார்த்தாள். திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பிறகு குனிந்து பிரஷ்ஷைப் பெயின்ட் டப்பாவில் தோய்த்து, சுவரிடம் போனாள். அவள் கை காலைப் புள்ளியைத் தாண்டி மேலே போனது. கறுப்புக் கோட்டைத் தொட்டது. அங்கே நிற்கவில்லை. குதிகாலை உயர்த்தி, இன்னும் மேலே எட்டி, ஒரு புள்ளி வைத்தாள்.



"கோடு நேரா போகும்னு நினைச்சேன்," என்றாள் மகிமா, யாரிடமோ மன்னிப்புக் கேட்பவள்போல. "வளைஞ்சிடுச்சு."

எல்சிதான் முதலில் அசைந்தாள். ஏல மணியின் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். மீன் வந்தால் அடிக்கிற மணி அது. அந்த நேரத்தில் மீன் வராது என்று குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். மணி ஓய்வதற்குள் கைக்குழந்தைகள் இடுப்பில் ஏறியிருந்தன. படகுகள் மணலில் உராய்ந்து இறங்கின. மீன் வண்டிகளின் தார்ப்பாய்கள் பிய்த்தெறியப்பட்டன. சுவரைப் பார்த்தவர்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

தேவப்பிரியம் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டாள். மறுமுனையில் இருந்தவர் நிதானமாகக் கேள்வி கேட்டார். எந்தத் தொட்டி, எவ்வளவு கொள்ளளவு, யார் சொன்னது. "ஒரு படம் அனுப்புதேன், பாருங்க," என்றாள். மகிமா சுவரைப் படம் எடுத்து அனுப்பினாள்; ரெஜியும் தன் போனில் ஒன்று எடுத்துக்கொண்டான். பிறகு அந்தக் குரல் மாறியிருந்தது.

"வண்டிங்க கிளம்புது. காத்துக்குக் குறுக்கால, தெற்கே போங்க. கிழக்கே, கடலுக்குள்ள நேரா போகாதீங்க."

அடுத்து அவள் ஒலிபெருக்கியை அழுத்தி, பதிவு செய்யும் பொத்தானையும் அழுத்தி, சங்கரநாராயணனைக் கூப்பிட்டாள்.

"சார், மகிமா கிடைச்சிட்டா."

"அப்படியா! ரொம்ப சந்தோஷம் மேடம். எங்க இருக்கா?"

"எங்க கூடத்தான். நேரா உங்க ஆபீஸுக்கே கூட்டிட்டு வாரோம். உள்ளயே இருங்க."

"நான் இன்னைக்கு ஆபீஸ்ல இல்லையே மேடம்."

"பரவாயில்ல. உங்க உதவி மேனேஜரைப் பாக்குறோம்."

"அவரும் லீவு."

"பாதுகாப்பு அதிகாரி?"

"...எல்லாருக்குமே லீவு குடுத்திருக்கேன். உள்ளூர்த் திருவிழா."

"எந்தக் கோயில்ல சார்?"

இணைப்பு அறுந்தது.

ரெஜி வாயைப் பிளந்து நின்றான். "தெரிஞ்சிக்கினே... வெடிக்கும்னு தெரிஞ்சிக்கினே ஓடிட்டானா மேடம்?"

"ஓடுறதுக்கு முன்னால நம்மகிட்ட வந்தான் பாரு." தேவப்பிரியம் பதிவை நிறுத்தினாள். "அவனுக்கு மகிமா கிடைக்கணும்னே இல்ல ரெஜி. ரசீதுதான் வேணும். நாளைக்கு ஊரே செத்துக் கிடக்கும்போது, 'பலகையைத் தப்பா வரைஞ்சவ அவ, மாட்டிக்குவோம்னு தலைமறைவாயிட்டா, நாங்க துப்பறியும் ஆளை வச்சே தேடினோம், இதோ கையெழுத்து'ன்னு காட்டுவான். செத்தவங்கள்ல அவளும் இருந்தா இன்னும் வசதி."

"நம்மளையும் ஒரு பலகையாக்கி மாட்டிட்டான்." சொல்லிவிட்டு ரெஜி சட்டென்று நிமிர்ந்தான். "மேடம், ஆபீஸ் ஆளுங்களுக்கு லீவு குடுத்துட்டான். மதில் ஓரம் அத்தினி சைக்கிள் நின்னுச்சே, அவனுங்களுக்கு யாரு லீவு குடுத்தா?"

"ரெஜி, நில்லு..."

அவன் பைக்கை உதைத்துக் கிளப்பினான். எல்சி வைதாள், பிறகு அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். பைக் சவுக்குத் தோப்பைத் தாண்டும்வரை அந்தக் கத்தல் கேட்டது.

வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தான். "எண்ட்ரி இல்லாம உள்ள வுடக் கூடாது."

ரெஜி பேசிப் பயனில்லை என்று போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தான். சுவர்ப் படம். காவலாளி அதைப் பார்த்தான். தலைக்குமேல் எட்டு டயல்களும் பச்சையாகச் சிரித்துக்கொண்டிருந்த பலகையைப் பார்த்தான். பிறகு மெல்லத் திரும்பி ஆறாம் தொட்டியைப் பார்த்தான். மற்ற தொட்டிகளின் மேல் வெயில் அமைதியாகப் படிந்திருந்தது. ஆறாம் தொட்டிக்கு மேலே மட்டும் காற்று நெளிந்தது, தார் ரோட்டின்மேல் நெளிவதுபோல.

"அத்த நான் காலீலேருந்து பாத்துகினு கீறேன் நைனா," என்றான் காவலாளி கம்மிய குரலில். "பலகைல எல்லாம் பச்சையா கீதேன்னு..."

அபாயச் சங்கின் பிடியை இழுத்தான்.

ஆட்கள் வந்தார்கள். முதலில் நடந்து, பிறகு ஓடி. எதிரே தவசிமுத்து அடுப்பை அணைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, கடையை அப்படியே போட்டுவிட்டுத் தெற்கே ஓடினார். கடைசியாக வந்தவன் கத்தினான்: "பீம்ராவ் மேல கீறான்! ஏணி மேல வெல்டிங் பண்ணிக்கினு கீறான், சங்கு கேக்கல!"

ரெஜி உள்ளே ஓடினான். பிற்பாடு கேட்டவர்களிடம், கால் தானாக ஓடியது என்றுதான் சொன்னான். ஐந்தாம் தொட்டியின் ஏணியில், முகமூடி போட்ட ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். ரெஜி கீழே கிடந்த இரும்புக் குழாயால் ஏணியை ஓங்கி அடித்தான். அதிர்ச்சியில் பீம்ராவ் குனிந்து பார்த்து முகமூடியைத் தூக்கினான். அந்த நிமிஷம் பக்கத்துத் தொட்டியின் உச்சியில் விசில் மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. மெல்லியதாகத் தொடங்கிக் காதைக் கிழிக்கும்வரை ஏறியது. வெள்ளையாக என்னவோ பீறிட்டது. தித்திப்பான ஒரு வாடை. கண் எரிந்தது. பீம்ராவ் ஏணியில் இறங்கவில்லை, சறுக்கி விழுந்தான். கணுக்கால் மடங்கியது. ரெஜி அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, காற்றுக்குக் குறுக்கே ஓடினான். திரும்பிப் பார்த்தபோது வெள்ளைப் புகை சாலையைக் கடந்து, தவசிமுத்துவின் கடையை விழுங்கி, சவுக்குத் தோப்பைத் தாண்டி, ஆளில்லாத தகரக் கூரைகளின்மேல் படுத்துக்கொண்டிருந்தது.

தெற்கே, கடலில், படகுகள் காசிமேட்டை நோக்கிப் புள்ளிகளாகப் போய்க்கொண்டிருந்தன.

---

தீயணைப்பு ஆட்கள் விடிய விடியத் தண்ணீர் அடித்துத் தொட்டியைக் குளிரவைத்தார்கள். குப்பத்தில் கோழிகளும் நாய்களும் மணலில் செத்துக் கிடந்தன. கொட்டகை உத்தரத்திலிருந்து காக்கைகள் விழுந்திருந்தன. மனிதர் யாரும் சாகவில்லை. பீம்ராவுக்கு ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள், பிழைத்துக்கொண்டான். ரெஜிக்குக் கண் வீங்கி, குரல் போயிருந்தது. எல்சி அவன் தலைமாட்டில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினாள். ஊட்டுகிற ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு வசவு வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் சங்கரநாராயணனை வெளியூர் ஹோட்டல் ஒன்றிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தார்கள். சட்டை கலையவில்லை. இன்ஸ்பெக்டர் சாலமனின் மேஜைக்கு எதிரே நிமிர்ந்து உட்கார்ந்தார். தேவப்பிரியம், மகிமா, கறுப்புக் கண்ணாடி போட்ட ரெஜி மூவரும் சுவரோரம் நின்றார்கள்.

"பலகையில இருந்த ஒரு நம்பர்கூடப் பொய் இல்ல சார்," என்றார் அவர், பாடம் ஒப்பிப்பவர்போல. "சராசரி சரி. அளவும் சரி, பூஜ்யத்துலேருந்து ஆரம்பிக்குது. பக்கத்துல எண்ணும் போட்டிருக்கு. படிக்கத் தெரியாதவங்களுக்கு நான் பொறுப்பில்ல. எனக்கே அந்தப் பலகையைப் பாத்து ஒண்ணும் சந்தேகம் வரல. திருவிழான்னு லீவு குடுத்தேன். தற்செயல்."

சாலமன் பேனாவை மேஜையில் தட்டினார். எதை எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. எண்கள் உண்மைதான். அது ரெஜிக்கும் தெரியும். அந்த மௌனம்தான் அவனை ஆறாம் தொட்டியைவிட அதிகமாகப் பயமுறுத்தியது.

மகிமா முன்னால் வந்தாள்.

"சார், அவரோட போன்ல பலகையைப் பாக்குற வசதி இருக்கும். மேனேஜருக்கு நான்தான் போட்டுக் குடுத்தேன். அதைத் திறக்கச் சொல்லுங்க."

சங்கரநாராயணனின் கை சட்டைப்பைக்குப் போனது. பையில் ஒன்றும் இல்லை. போன் ஏற்கெனவே மேஜையில் இருந்தது. சாலமன் அவர் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தார்.

திரை விரிந்தது. டயல்கள் இல்லை. பச்சை இல்லை. கறுப்பில் எட்டு வெள்ளைக் கோடுகள், நுனியில் தொட்டி நம்பர்கள். மகிமா வரைந்த பழைய படம். ஊருக்குப் புதுப் பலகையை மாட்டியவர், தனக்கு மட்டும் இதை மாற்றாமல் வைத்திருந்தார். ஆறாம் கோட்டைப் பெரிதாக்கி, அது மலையேறிப் போகும் இடத்தை மட்டும் திரை முழுவதும் நிறைத்திருந்தார். திறந்த நேரங்களும் ஓரத்தில் பதிவாகியிருந்தன: எல்லோருக்கும் லீவு கொடுத்த நாளின் அதிகாலையில் அதைத் திறந்து பார்த்திருந்தார். மறுபடியும் திறந்து பார்த்திருந்தார்.

சாலமன் எழுதத் தொடங்கினார்.

மகிமா அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தான் வரைந்ததை யாரோ சரியாகப் படித்திருக்கிறார்கள் என்ற சந்தோஷம் அவள் முகத்தில் இல்லை.

"எங்க யாருக்கும் புரியக் கூடாதுன்னு நினைச்சீங்க," என்றாள் மெதுவாக. "உங்களுக்கு மட்டும் நல்லாப் புரிஞ்சிருக்கு, சார்."